தவழ்ந்து பார்த்த வயர்மேன்

எந்த வீட்டுக்கு வந்தாலும் அவர் முதலில் மெயின் சுவிட்சைப் பார்க்க மாட்டார். சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "புள்ள எங்க படுக்குது?" என்று கேட்பார்.

பிள்ளை இல்லாத வீடாக இருந்தாலும் அதே கேள்விதான். "இங்க புள்ள இல்லண்ணே" என்று சொன்னால், "வர்ற புள்ள எங்க படுக்கும்?" என்பார். கல்யாணமாகாத இரண்டு பையன்கள் தங்கியிருந்த வீட்டில்கூட இதைக் கேட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிள்ளைகளே, வீடுகளுக்கு மின்சார வயர் இழுத்து, விளக்கும் சுவிட்சும் பொருத்துகிறவரை எங்கள் பக்கத்தில் வயர்மேன் என்போம். இவரும் ஒரு வயர்மேன். பெயர் எனக்குத் தெரியாது. 'வயர்மேன் அண்ணன்' என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். பிறகு பெயரைக் கேட்க வெட்கமாகப் போய்விட்டது. எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது அவர் வந்தார். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு, செம்பனை ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. அந்த மனிதர் குனிந்து பார்த்ததால்தான் அவள் இன்று இருக்கிறாள் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அவருக்குப் பெரிய உடம்பு. அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய குரல். காக்கிச் சிலுவார்தான், அதாவது கால்சட்டைதான், எப்போதும் போட்டிருப்பார். அதில் முழங்கால் இரண்டும் மட்டும் வெளுத்து, நூல் தெரியும். சபாக் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வயரைப் பதித்துக் கொண்டுபோவதற்கான நீளமான மரச்சட்டங்களை வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருப்பார். முன்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் இரண்டு முழம். செம்மண் சாலையில் அவர் வருவது தெரிந்தால் கோழிகள்கூட ஒதுங்கிப் போகும்.

பிள்ளை படுக்கிற அறையைக் காட்டியதும், இடுப்பில் செருகியிருக்கும் சுத்தியலையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துப் படியில் வைப்பார். பிறகு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, முழங்காலிட்டு, குழந்தையைப் போலத் தவழ்ந்துகொண்டே உள்ளே போவார். சுவரோரமாக ஒரு சுற்று. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு ஒரு பார்வை. உட்கார்ந்தபடி கையை நீட்டி, எதெல்லாம் எட்டுகிறது என்று தடவிப் பார்ப்பார். கடைசியில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் சுவரில் முதல் கோடு போடுவார்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவர் முதன்முதலாகத் தவழ்ந்தது எங்களுக்குப் பக்கத்து மண்டோர் வீட்டில். மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கிறவர். அவருடைய மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். அறை வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று, "என்னத்த தொலச்சீங்க வயர்மேனே? சொன்னா நாங்களும் தேடுவோம்ல" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது. "இன்னும் தொலைக்கலமா. தொலச்சிடக் கூடாதுன்னுதான்."

வெளியே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவருக்குப் பின்னால் வரிசையாகத் தவழ ஆரம்பித்தார்கள். அவர் விரட்டவில்லை. திரும்பித் திரும்பி அவர்களைப் பார்த்துக்கொண்டே போனார். தவழ்கிற பிள்ளைகளில் யாராவது ஒன்று சுவரில் எதையாவது பிடித்து இழுத்தால், அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் வயரும் வராது, சுவிட்சும் வராது.

எங்களுக்கு அப்போது கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் எங்கள் தோட்டத்தில் இஞ்சின் கரண்டுதான். ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இஞ்சின் இருக்கும். சாயங்காலம் ஆறரைக்குப் போடுவார்கள், பத்து மணிக்கு அடைத்துவிடுவார்கள். பகலில் வயர் வெறும் கயிறு மாதிரி. பெண்கள் அதில் ஈரத்துணி காயப்போடுவார்கள். பிள்ளைகள் பிளக்கு ஓட்டைக்குள் ஈர்க்குச்சியை விட்டு, யார் குச்சி ஆழமாகப் போகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். நானும் சின்ன வயதில் அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவன். அதற்காக யாரும் எங்களை அடித்ததில்லை. பகலில் கரண்டு இல்லையே.

பிறகுதான் அரசாங்கக் கரண்டு வந்தது. இருபத்து நாலு மணி நேரமும் இருக்கும். புது வயர் இழுக்க நிர்வாகம் ஒரு குத்தகைக்காரரை அமர்த்தியது. அவர் அனுப்பிய ஆள்தான் நம் வயர்மேன். வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டிலும் அவர் போகும்போது ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்: "பகல்லயும் இருக்கு. மறந்துடாதீங்க, பகல்லயும் இருக்கு." எல்லோரும் தலையாட்டினோம். புத்திக்குப் புரிந்தது. கைகளுக்குப் புரியவில்லை.

பெரிய கிராணி வீட்டில் நாங்கள் வாசலில் நின்று பார்த்ததையும் சொல்ல வேண்டும். கிராணி என்றால் தோட்டத்து அலுவலகக் கணக்கர். எங்களுக்கெல்லாம் அவரிடம் பயம். தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் கட்டிலுக்கு மேலே வயரில் தொங்குகிற ஒரு சுவிட்சை அவர் பார்த்திருக்கிறார். படுத்தபடியே விளக்கை அடைக்கலாம். அதே மாதிரி தன் மகனின் கட்டிலுக்கு மேலேயும் வேண்டும் என்றார். மகனுக்கு மூன்று வயது.

வயர்மேன் தவழ்ந்து பார்த்துவிட்டு எழுந்து, "வேணாங்க ஐயா. சுவத்துல போட்டுத் தர்றேன்" என்றார்.

"நான் சொல்றதப் போட்டுட்டுப் போறதுக்குத்தான் உன்ன அனுப்பியிருக்காங்க" என்றார் கிராணி.

வயர்மேன் வாக்குவாதம் செய்யவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு முழம் வெறும் வயரை எடுத்தார். எதிலும் இணைக்காத துண்டு. அதன் நுனியில் ஒரு பழைய தொங்கு சுவிட்சை மாட்டி, கட்டிலுக்கு மேலே கையால் பிடித்துத் தொங்கவிட்டார். "தம்பிய ஏத்தி விடுங்க" என்றார். பையன் கட்டிலில் ஏறினான். சுவிட்சைப் பிடித்தான். நேராக வாயில் வைத்துக் கடித்தான். கடித்தது போதாது என்று வயரைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

கிராணி மகனையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சுவத்துலேயே போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "தொங்குறதெல்லாம் புள்ளைக்கு விளையாட்டுச் சாமான்" என்று வயர்மேன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையன் கழுத்திலிருந்து வயரை எடுத்தார்.

இதற்குள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. 'தொலச்சிடக் கூடாதுன்னுதான்' என்று அவர் சொன்னாரே, அதிலிருந்துதான். அவருக்கு ஒரு பிள்ளை இருந்ததாம், கரண்டு அடித்துப் போய்விட்டதாம். முதல் நாள் ஆண் பிள்ளை என்றார்கள். மறுவாரம் பெண் பிள்ளை என்றார்கள், தொட்டிலிலேயே போய்விட்டதாம். மண்டோர் மனைவி அவரைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். வயர்மேன் வேலைக்கு வந்தால் வீட்டுக்கு வீடு தேத்தண்ணியும், ஒன்றுக்கு இரண்டாகப் பீசாங் கோரேங்கும் கொடுத்தார்கள். அவர் எதுவும் கேட்காமல் இரண்டு பொரித்த வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு அடுத்த அறைக்குத் தவழ்ந்து போனார்.

என் மனைவிக்கு அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. "பாவங்க அந்த மனுசன்" என்று அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டுத் தொட்டிலைப் பார்ப்பாள்.

எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது மூன்று விளக்கு, முன்னறையில் ஒரு பிளக்கு. அவ்வளவுதான் ஒப்பந்தம். குழந்தை படுக்கிற உள்ளறையில் பிளக்கு இல்லை. தகரக் கூரை. மத்தியான வெயிலில் குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு பொரிந்து, அழுதுகொண்டே இருப்பாள். நான் ஒரு மேசைக் காத்தாடி வாங்கி வந்தேன். அதற்கு உள்ளறையில் கரண்டு வேண்டுமே. வயர்மேனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆலையில் எத்தனை இயந்திரத்தைப் பார்க்கிறோம், ஒரு வயர் இழுக்கத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். கோலசிலாங்கூருக்குப் போய் வெள்ளை நிறத்தில் இரட்டை வயர் பத்து முழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் முன்னறைப் பிளக்கின் மூடியைக் கழற்றினேன். மெயினை அடைக்கவில்லை. ஏன் தெரியுமா? பகல்தானே என்று கை போய்விட்டது. இஞ்சின் ஆறரைக்குத்தானே என்று இருபத்தைந்து வருடத்துப் பழக்கம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அடித்தது. என்னைத் தூக்கிப் பின்னால் எறிந்தது. அரிசி டின் மேல் போய் விழுந்தேன். வலது கட்டைவிரல் நுனி வெந்து வெள்ளையாகிவிட்டது. என் மனைவி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "என்ன சத்தம்?" என்று கேட்டாள். "வழுக்கிடுச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு மெயினை அடைத்துவிட்டு மீதி வேலையைச் செய்து முடித்தேன். சுவர் மேல் ஏற்றி, பலகைத் தடுப்பைத் தாண்டி, உள்ளறையின் நடுவிட்டத்தோடு வயரைக் கொண்டுபோய், நீல நிற ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். விட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து வயர் மேசைக்குத் தொங்கியது. காத்தாடி சுற்றியது. குழந்தை தூங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நடுவிட்டத்தில்தான் குழந்தையின் தொட்டில் தொங்கியது. எங்கள் பக்கத்துத் தொட்டில் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். விட்டத்தில் ஒரு இரும்புச் சங்கிலியைச் சுற்றி, அதில் ஒரு பெரிய ஸ்பிரிங்கை மாட்டி, அதன் அடியில் கொக்கியில் சேலையைக் கட்டுவோம். ஸ்பிரிங்கைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டால் தொட்டில் மேலும் கீழுமாக ஆடும். ஆடும்போதெல்லாம் மேலே சங்கிலியும் அசையும். நான் வயரைச் சங்கிலிக்கு அடியில் நுழைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதுதான் நேர்வழியாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் போயிற்று. மண்டோர் வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்று வயர்மேன் வந்தார். காலை பத்து மணி இருக்கும். எனக்கு ஆலையில் மத்தியான வேலை, வீட்டில்தான் இருந்தேன். அவர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டயும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அண்ணனுக்கு வேல இருக்கும் லா" என்றேன் நான்.

அதற்குள் அவர் செருப்பைக் கழற்றியாயிற்று. "புள்ள எங்க படுக்குது?"

"உள்ள, தொட்டில்ல. தூங்குறா."

"தூக்கிக்க தங்கச்சி."

"இப்பத்தாண்ணே தூங்குனா. எழுப்புனா ஊரக் கூட்டிடுவா."

"கூட்டட்டும்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஊர் கூடியது. அந்த அழுகைக்கு நடுவே அவர் வழக்கம்போலத் தவழ்ந்து ஒரு சுற்று வந்தார். விட்டத்திலிருந்து மேசைக்குத் தொங்கிய வயரைப் பார்த்தார். நான் முடிச்சுகளைக் காட்டி, "நல்லா இறுக்கித்தாண்ணே கட்டியிருக்கேன்" என்றேன். தலையாட்டினார். பிறகு தொட்டில் சேலையை ஒதுக்கிவிட்டு, குழந்தை படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்தார். மேலே பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். மண்டோர் வீட்டு ரேடியோவில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி" என்றார். குரல் உயரவில்லை. "மெயின அடச்சிட்டு வா."

"பகல்தானேண்ணே..." என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பகல்தான். அடச்சிட்டு வா."

ஓடிப்போய் அடைத்துவிட்டு வந்தேன். அதுவரை அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு கையைத் தூக்கி, என் மனைவியைக் கிட்டே வராதே என்று நிறுத்திவைத்திருந்தார். நான் வந்து சொன்னதும் எழுந்து, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி ராஃபியா முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். வயரை இறக்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

நின்றபடி பார்த்தால் அந்த வயருக்கு ஒன்றும் இல்லை. சங்கிலி உரசிய இடம் விட்டத்துக்கு அடிப்பக்கம். அங்கே வெள்ளைத் தோல் தேய்ந்து தேய்ந்து, வெங்காயச் சருகு அளவுக்குத்தான் மீதி இருந்தது. செம்பு தெரியவில்லை. செம்பின் நிறம் தெரிந்தது. கீழே படுத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடம். இரண்டு மாதமாக என் மகள் ஒருத்திதான் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

"இன்னும் எத்தன நாள் தாங்கியிருக்கும்ணே?" என்று கேட்டேன்.

"புள்ள நல்லா பால் குடிக்குதா?"

"குடிக்கிறா. மாசா மாசம் கனம் கூடுது."

"அப்ப ரொம்ப நாள் இல்ல."

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வயரின் தோல் போனால் சங்கிலியில் கரண்டு ஏறும். சங்கிலியிலிருந்து ஸ்பிரிங்குக்கு. அந்த ஸ்பிரிங்கை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிடித்து ஆட்டுகிறாள்! பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு. சேலையும் குழந்தை நனைத்த ஈரத்தோடுதான் எப்போதும் இருக்கும். அவள் குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டே இருந்தாள். குழந்தை அழுகையை நிறுத்தி, அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடியது.

அவர் என்னை முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிளக்கு மூடியைக் கழற்றி, நான் போட்ட இணைப்பைப் பார்த்தார். "எப்பக் கட்டுன?" என்றார்.

"ரெண்டு மாசம் முந்தி, ஒரு ஞாயித்துக்கெழம."

"பகல்லயா?"

"பகல்லதான்."

என் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் தழும்பு இன்னும் மறையவில்லை. "அடிச்சிருக்குமே" என்றார் மெதுவாக. நான் உள்ளறைப் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் என் மனைவியிடம், "முடிச்செல்லாம் நல்ல முடிச்சு தங்கச்சி. இடம்தான் தப்பு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிக்கொண்டேன்.

அன்று அவர் செய்த வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். புது வயர் தடுப்புச் சுவரின் உச்சியோடு போனது. தொட்டில் விட்டத்தைத் தொடவே இல்லை. மூலைக்குப் போய், அலமாரிக்குப் பக்கத்தில் நேராகக் கீழே இறங்கியது. மரச்சட்டத்தின் மேல் வயரை வைத்து, நாலு விரலுக்கு ஒரு கிளிப்பு அடித்தார். கதவோரம் வேண்டாம் என்றார், கதவு கடிக்கும். ஜன்னலோரம் வேண்டாம் என்றார், சாரல் அடிக்கும். பிளக்கு எங்கே வருவது? மண்டோரின் ஐந்து வயது மகளைக் கூட்டிவரச் சொல்லி, கட்டில் மேல் நிறுத்தி, எட்டுகிற மட்டும் கையைத் தூக்கச் சொன்னார். விரல் தொட்ட இடத்துக்கு இரண்டு சாண் மேலே பிளக்கு. "இது உன் மக, அஞ்சு வருசம் கழிச்சு" என்றார் என்னிடம். காத்தாடிக்கு உயரத்தில் ஒரு பலகை அடித்து, அதன் வயரை மடித்துக் கட்டிப் பின்பக்கம் மறைத்தார். "காத்து மட்டும் கீழ வந்தாப் போதும். காத்தாடி வர வேணாம்."

ஒரு இடத்தில் கிளிப்பு மயிரிழை கோணலாகிவிட்டது. பிடுங்கிவிட்டுத் திரும்ப அடித்தார். "இது என்னண்ணே, கலியாண வீடா? கொஞ்சம் கோணலா இருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"கோணலா இருந்தா அதுவும் ஒரு கயிறுன்னு நீ துணி காயப்போடுவ. நேரா இருந்தா கை வைக்கக் கூச்சப்படுவ" என்றார்.

எல்லாம் முடிந்ததும் முழங்காலிட்டு, தன் கன்னத்தை மரச்சட்டத்தில் வைத்து, கீழிருந்து மேலாக மெதுவாக உரசிக்கொண்டு போனார். ஆணி முனையோ மரச் சிலாம்போ இருந்தால் கன்னத்துக்குத் தெரியும். கைக்குத் தெரியாது, காய்த்துப்போன கை. என் மனைவி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன பிள்ளையை நினைத்துத்தான் இப்படிச் செய்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு விடுமுறை நாளில், "சபாக்குக்குப் போயி அவரப் பாத்துட்டு வரணும்" என்றாள். "அந்தப் புள்ளையப் பத்தி ஒரு வார்த்த ஆறுதலா பேசணுங்க. நம்ம புள்ள பொழச்சிருச்சு. அவங்க புள்ள இல்ல." ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, குழந்தையோடு பஸ் ஏறினோம்.

விசாரித்துக்கொண்டு போனால், சபாக் பட்டணத்து ஓரத்தில் ஒரு பலகை வீடு. வாசலிலேயே அவர் தவழ்ந்துகொண்டிருந்தார். முதுகில் ஒரு பொடியன் உட்கார்ந்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்துக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சிலுவாரின் முழங்கால் எப்படி வெளுத்தது என்பதில் மீதிப் பாதி அப்போதுதான் விளங்கியது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். பொடியன் விடவில்லை.

என் மனைவி சமையல்கட்டுக்குப் போனாள். அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தார். பலகைச் சுவர்தானே, பேசுவதெல்லாம் முன்னறைக்குக் கேட்டது.

"அக்கா, மனசு கஷ்டப்படக் கூடாது. போன புள்ளைக்கு என்னா வயசு?"

"எங்க போன புள்ள?"

"இல்லக்கா... கரண்டு அடிச்சு..."

பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள் எண்ணுகிற சத்தம். "ஒண்ணு கடைக்குப் போயிருக்கு. ரெண்டு பின்னால வெளையாடுது. ஒண்ணு தூங்குது. ஒண்ணு அங்க குதிர ஓட்டுது. அஞ்சும் இருக்கே லா." அப்புறம் முன்னறையைப் பார்த்து உரக்க, "இந்தாங்க, நமக்கு ஒரு புள்ள செத்துப்போச்சாமே? எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீங்க? யாருக்குப் பொறந்தது அது?"

வயர்மேன் சிரித்த சிரிப்பில் முதுகிலிருந்த பொடியன் நழுவி விழுந்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தாள். "மன்னிச்சிருங்கண்ணே. தோட்டத்துல எல்லாரும் சொன்னாங்க. நீங்க அப்பிடிக் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறதப் பாத்து..."

அவர் சிரிப்பை நிறுத்தினார். தூசியைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார்.

"ஒண்ணு போனாத்தான் குனியணுமா தங்கச்சி?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். பிறகு அவரே, "மீன் கொழம்பு. சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். கடைக்குப் போன பிள்ளையும் தூங்கிய பிள்ளையும் பின்னால் விளையாடிய பிள்ளைகளும் வந்து, ஐந்து பிள்ளைகளும் எங்களைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டன. அத்தனை சத்தமான சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. என் மனைவி ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ், சுங்கை பஞ்சாங் வயல்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. குழந்தை அவள் மடியில் தூங்கியது. எனக்கு அன்றைக்குத்தான் சொல்லத் தோன்றியது. "அன்னிக்கு நான் வழுக்கி விழல. கரண்டு அடிச்சுச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"எப்படி?"

"வழுக்கி விழுந்தா அரிசி டின்னு அப்பிடியா நசுங்கும்? அதான அவரக் கூப்பிட்டேன்."

பஸ் எங்கள் தோட்டத்துச் சந்தியில் நிற்கும் வரை நான் அந்தக் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து, தொட்டில் சேலையை மாற்றிக் கட்டினாள். குழந்தையைப் போடப் போனவள் நின்று, "ஒரு தடவ படுத்துப் பாருங்க" என்றாள். நான் தொட்டிலுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்தேன். மண்டோர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வயர்மேன் வியாதி ஒங்களுக்கும் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் மேலே பார்த்தேன். ஸ்பிரிங் தெரிந்தது, சங்கிலி தெரிந்தது, நான் கட்டியிருந்த கயிறு விட்டுப்போன நீலக் கறை லேசாகத் தெரிந்தது. விட்டத்தில் மரம் மட்டும்தான் இருந்தது.

"போடு" என்றேன்.